கணக்கு டீச்சர் பதில்கள்: ஐந்து இலட்சமும் ஒரு இடியப்பப் பெட்டியும்

இந்தமுறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி படிப்புக் காசைப் பற்றியவை. கொடுக்க நினைக்கிறவர்களும் எழுதியிருக்கிறார்கள், வாங்கத் தயங்குகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். சிலருக்கு நீட்டி எழுதியிருக்கிறேன், சிலருக்கு நாலு வரிதான். கோபிக்க வேண்டாம். கொட்டாஞ்சேனையில் பின்னேரம் கரண்ட் போனால் என் கண்ணுக்கு அதற்குமேல் எழுத வராது.

கேள்வி: என் மனைவி காலமாகி வருகிற மாதம் ஒரு வருடம். ஆட்டைத் திவசத்தோடு அவர் பெயரில் 5 இலட்சம் ரூபாவை வசதியில்லாத கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுக்க விரும்புகிறேன். 50 பிள்ளைகளுக்குத் தலா 10,000 என்று நினைத்திருக்கிறேன். ஒரு மண்டபம் எடுத்து, அதிதிகளை அழைத்துக் கொடுக்கலாமா?
(ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர், வெள்ளவத்தை)

பதில்: ஐயா, உங்கள் துக்கத்துக்கு நடுவில் கணக்குச் சொல்கிறாளே என்று நினைக்காதீர்கள். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

50 பிள்ளைகளுக்குத் தலா 10,000 கொடுத்தால் 5 இலட்சமும் அன்றைக்கே முடிந்தது. மண்டபம், ஒலிபெருக்கி, மாலை, பட்டிஸ், ரோல்ஸ் எல்லாம் அதற்கு மேலே. அந்தப் 10,000 வீட்டுக்குப் போனதும் என்ன ஆகும்? கடைக்கடன் இருக்கும், வாடகைப் பாக்கி இருக்கும், யாராவது ஒருவருக்கு மருந்து வாங்க வேண்டியிருக்கும். ஒரு கிழமையில் கரைந்துவிடும். அதில் பிழை சொல்ல மாட்டேன், அந்தத் தாய்க்கு அதுவும் தேவைதான். ஆனால் பிள்ளையின் படிப்பில் அந்தக் காசு படாது.

இதையே நாலு பிள்ளைகளுக்கு, மாதம் 5,000 வீதம், ஏ.எல். (உயர்தரம், 12ஆம் 13ஆம் தரம்) படிக்கிற 24 மாதமும் கொடுத்துப் பாருங்கள். 4 × 5,000 × 24 = 480,000. மிச்சம் 20,000 கையில் இருக்கும், யாருக்காவது திடீரென்று கண்ணாடி போடவோ சப்பாத்து வாங்கவோ.

ஏன் ஏ.எல். என்கிறேன் தெரியுமா? 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கர கொண்டுவந்த இலவசக் கல்வியால் நமக்குப் பாடசாலைக் கட்டணம் இல்லை. 1980இலிருந்து பாடநூல் இலவசம், 1993இலிருந்து சீருடைத்துணி. இதெல்லாம் பெரிய காரியம், என் வயதுக்காரருக்கு அதன் அருமை தெரியும். ஆனால் இலவசப் பாடநூல் 11ஆம் தரத்தோடு நின்றுவிடும். 12ஆம் தரத்தில் பிள்ளையின் பையில் இருப்பது டியூட் என்கிற டியூஷன் குறிப்புத்தாள் கட்டும் போட்டோ கொப்பியும். மூன்று பாடத்துக்கும் டியூஷன் போகாத பிள்ளை கொழும்பில் அபூர்வம். பஸ் காசு, காலையில் ஒரு பணிஸ், பாஸ்ட் பேப்பர் புத்தகம் என்று நாளாந்தம் சொட்டுச் சொட்டாகப் போகிற செலவு இது. சொட்டாகப் போகிற செலவுக்குக் குடத்தைக் கவிழ்த்துக் கொடுத்தால் நிற்காது.

யாருக்குக் கொடுப்பது என்பதுதான் சிக்கலான இடம். அதிபர்கள் மன்னிக்க வேண்டும், அதிபரிடம் கேட்காதீர்கள், வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். பெறுபேற்றுத் தாளை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஓ.எல். என்கிற 11ஆம் தரச் சாதாரண தரப் பரீட்சைக்கு ஐந்து டியூஷனுக்குப் போய் 9 ஏ எடுத்த பிள்ளையும், பின்னேரம் கடையில் நின்றுவிட்டு 4 ஏ எடுத்த பிள்ளையும் ஒரே தராசில் நிற்க மாட்டார்கள். வரவுப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது.

பத்தாம் தரத்தில் ஒரு பிள்ளை, முகத்துவாரம் பக்கம் வரிசை வீடு. தினமும் முதல் பாடத்துக்குப் பிந்தி வருவாள். முதல் பாடம் என் பாடம். மூன்று மாதம் அவளை வாசலில் நிறுத்தினேன். ஒருநாளும் காரணம் சொல்லவில்லை. ஆனால் நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிக்குமுன் வாசலில் நின்றபடியே விடையைச் சொல்லிவிடுவாள். ஒருநாள் கிட்டப் போய்க் கொப்பியை வாங்கினேன், கொப்பியில் அவித்த மாவின் வாசம். தாய் விடிய மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவிக்கிறவ. அதை நாலு சாப்பாட்டுக்கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது இவளுடைய வேலை. கடைசிக் கடை திறக்கிறதே ஏழே கால் மணிக்கு.

ஆசிரியர் அறையில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்தோம். டியூஷன் காசு கொடுப்போம் என்றார் ஒருவர், புத்தகம் வாங்கிக் கொடுப்போம் என்றார் மற்றவர். கடைசியில் என்ன செய்தோம் என்றால், பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருவனுக்கு நாளுக்கு 50 ரூபா கொடுத்து அந்த இடியப்பப் பெட்டியைக் கொண்டுபோக வைத்தோம். அவ்வளவுதான் நாங்கள் செய்த 'புலமைப்பரிசில்'. அவள் இன்றைக்கு நில அளவையாளர். பிந்தி வருகிற பிள்ளையை நான் அதற்குப் பிறகு வாசலில் நிறுத்தியதில்லை.

ஆகவே காசை வைத்துக்கொண்டு பிள்ளையைத் தேடாதீர்கள். பிள்ளையைக் கண்டுபிடித்து, எது அவளை மறிக்கிறது என்று கேளுங்கள். மற்றபடி, வங்கியில் இருந்தவர் நீங்கள், நிலையான கட்டளை என்றால் என்ன என்று நான் உங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதி காசு தானாகப் போய் விழட்டும். பிள்ளை உங்களிடம் வந்து நின்று கேட்கிற நிலை வரக்கூடாது. ஆட்டைத் திவசத்தன்று நாலு பிள்ளைகளையும் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுங்கள், உங்கள் மனைவியின் படத்தைக் காட்டுங்கள். மண்டபம் வேண்டாம்.

கேள்வி: நான் புறக்கோட்டையில் புடவைக்கடையில் வேலை செய்கிறேன். ஊர் பொகவந்தலாவை. அம்மா கொழுந்து பறிக்கிறார். தங்கச்சி ஓ.எல்.லில் 7 ஏ, 2 பீ. ஹட்டனில் ஒரு பாடசாலையில் உயிரியல் பிரிவு கிடைத்திருக்கிறது. முதலாளி நல்ல மனிதர், "கொழும்புக்குக் கூட்டிவா, நல்ல டியூஷன் இருக்கு, பாதிச் செலவு நான் தாறேன்" என்கிறார். கூட்டி வரட்டுமா?
(பெயர் வேண்டாம், கொழும்பு 11)

பதில்: தம்பி, முதலாளிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள்.

பல்கலைக்கழக அனுமதி எப்படி நடக்கிறது என்று முதலாளியும் தெரிந்துகொள்ளட்டும். பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணக்கிடுகிற இசட் புள்ளி வரிசைப்படி 40 வீதம் இடங்கள் முழுத் தீவுக்கும் பொதுத் திறமையில் போகும். 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகை அளவில் பிரிக்கப்படும். மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. நுவரெலியா அந்தப் 16இல் ஒன்று, கொழும்பு இல்லை. கலைப்பிரிவுக்கு வேறு கதை, உங்கள் தங்கச்சிக்கு இதுதான் கதை. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களில் பிள்ளை எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தது என்று பார்ப்பார்கள். கொழும்பில் கொண்டுவந்து சேர்த்தால், கொழும்பின் பெரிய பாடசாலைகளில் படிக்கிற பிள்ளைகளோடு கொழும்பின் வெட்டுப்புள்ளிக்கு அவள் ஓடவேண்டி வரும். ஹட்டனில் இருந்தால் தன் மாவட்டத்துப் பிள்ளைகளோடு ஓடுவாள். மருத்துவத்துக்கு இந்த வித்தியாசம் சின்ன வித்தியாசமில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் அனுமதிக் கைநூலில் மாவட்ட வாரியாக வெட்டுப்புள்ளி இருக்கிறது. தமிழிலும் இருக்கிறது. முதலாளியோடு உட்கார்ந்து இரண்டு மாவட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1970களில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் வந்தபோது என் வயதுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது நெஞ்சில் விழுந்த அடி. 1971இல் தமிழில் எழுதியவர்களுக்கு வெட்டுப்புள்ளி சிங்களத்தில் எழுதியவர்களைவிடக் கூட. அந்த வருடம் எழுதியவள் நான். அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை. ஆனாலும் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வருகிற உங்கள் தங்கச்சிக்கு இன்றைக்கு அந்த மாவட்டக் கணக்குத்தான் வாசற்கதவு. என் கசப்பை அவள் சுமக்க வேண்டியதில்லை.

முதலாளி தருகிற பாதிச் செலவை வேறு விதமாகக் கேளுங்கள். ஹட்டனில் விடுதியோ, தெரிந்த வீட்டில் ஓர் அறையோ எடுத்துக் கொடுங்கள். பொகவந்தலாவையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தால் மழைக்காலத்தில் பிள்ளை வீட்டுக்கு வரும்போது இருட்டிவிடும், படிக்க உடம்பில் ஒன்றும் மிஞ்சாது. 12ஆம் தர விடுமுறையில் மட்டும் கொழும்புக்கு வரட்டும், ஒரு மாதம் நல்ல வகுப்புக்குப் போகட்டும். சினிமாவுக்கும் ஒருநாள் கூட்டிப் போங்கள்.

இன்னொன்று. வீட்டில் "அண்ணா உனக்காகத்தான் கடையில் நிக்கிறான்" என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்கொண்டு இருக்கவேண்டாம். அது அவளுக்குத் தெரியும்.

கேள்வி: டொரொன்டோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறேன். மட்டக்குளியில் ஒரு பையனுக்கு இரண்டு வருடமாக மாதம் 15,000 ரூபா அனுப்பினேன். பௌதிகப் பிரிவில் சீ, எஸ், எஸ் எடுத்திருக்கிறான். அந்தக் காசில் போன் வேறு வாங்கியிருக்கிறான். கேட்டால் ஒழுங்காகப் பதிலும் இல்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. நீங்கள் கடன் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், கோபம் அதனால் வருகிறது.

போனைப் பற்றி: இப்போது டியூட் வாட்ஸ்அப்பில் வருகிறது, வகுப்புச் சூமில் நடக்கிறது. கொரோனாவால் பாடசாலைகள் மூடியபோது சிக்னல் தேடி மலையுச்சியிலும் மரத்திலும் ஏறியிருந்து படித்த பிள்ளைகளின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். போன் வாங்கியது களவு இல்லை.

பெறுபேற்றைப் பற்றி: சீ, எஸ், எஸ் சித்திதான், ஆனால் பொறியியலுக்குப் போதாது. ஒழுங்காகப் பதில் இல்லை என்கிறீர்கள், அவனுக்கு வெட்கம். 'செகண்ட் ஷை', அதாவது இரண்டாம் தடவை ஏ.எல்., எழுத அவனுக்கு விருப்பமா என்று அவனிடம் கேளுங்கள், அவன் தகப்பனிடம் கேட்காதீர்கள். இல்லையென்றால் அவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே, மட்டக்குளியிலேயே, உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகம் இருக்கிறது. மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி 1893இலிருந்து இருக்கிறது. மொரட்டுவையில் ஜெர்மன் டெக் என்கிற தொழிற்பயிற்சி நிறுவகம் இருக்கிறது. நம்மவர்கள் இவற்றைத் தோற்றவர்கள் போகிற இடமாக நினைக்கிறோம். அப்படி நினைத்துக்கொண்டு டாக்டர், எஞ்சினியர் இரண்டையும் பிடித்துத் தொங்கி, 25 வயதில் ஒன்றுமில்லாமல் நிற்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஒரு தடை உண்டு: இந்த இடங்களில் பல வகுப்புகள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் நடக்கும். தமிழில் மட்டும் படித்த பிள்ளை முதல் மாதமே பயந்து நின்றுவிடும். உங்கள் 15,000இல் ஆறு மாதம் அவனுக்குச் சிங்களமும் ஆங்கிலமும் படிப்பித்தால் அதைவிட நல்ல உதவி வேறில்லை.

நிறுத்துவதாக இருந்தால் நிறுத்துங்கள், அது உங்கள் காசு. ஆனால் எந்த மாதத்தோடு நிற்கும் என்று மூன்று மாதம் முன்கூட்டிச் சொல்லுங்கள். சொல்லாமல் நின்றுபோகிற காசால் டியூஷன் வாசலில் அவமானப்பட்டுத் திரும்பி வருகிறவன் அவன்தான். ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் அவனைக் கூப்பிட்டு உங்கள் விருந்தாளிகளுக்குக் காட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பகுதியை அச்சில் போடவில்லை. அதை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள்.

கேள்வி: மகன் ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்திருக்கிறான். பெரிய பாடசாலை கிடைக்கும், ஆனால் இரண்டு பஸ். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். அனுப்பலாமா?
(தாய், ஜம்பட்டா வீதி)

பதில்: போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் என்றால் யோசியுங்கள், பத்து வயதுப் பிள்ளை அம்மா. கிட்ட என்றால் அனுப்புங்கள். இந்தப் பரீட்சைக்கு இரண்டு நோக்கம்: நல்ல பாடசாலையில் இடம் கொடுப்பது, வசதி குறைந்த பிள்ளைக்கு மாதாந்தம் உதவிக் காசு கொடுப்பது. ஊரே முதலாவதைப் பற்றித்தான் கதைக்கும். இரண்டாவதை நீங்களாகக் கேட்டு விண்ணப்பியுங்கள். கணவரின் வருமானத்துக்குக் கிராம உத்தியோகத்தரிடம் சான்றிதழ் எடுத்து வையுங்கள். மதிலில் மகனின் படம் போட்டு பேனர் கட்டப்போகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் சின்ன மகள் இருக்கிறாள், அவளும் அந்தப் பேனரைப் பார்த்துக்கொண்டுதான் வளரப்போகிறாள்.

கேள்வி: டீச்சர், எல்லோருக்கும் சொல்கிறீர்களே, உங்களுக்கு யாராவது உதவினார்களா?
(வாசகி, தெமட்டகொட)

பதில்: இரண்டு பேர் உதவினார்கள். ஒன்று ஒரு சங்கம், பெயர் சொல்ல மாட்டேன். 1967. அப்பா துறைமுகத்தில் வேலை செய்து, இறந்து ஒரு வருடம். என்னை மேடையில் ஏற்றி, "தகப்பனற்ற இந்த ஏழைச் சிறுமி" என்று ஒலிபெருக்கியில் சொல்லி, ஒரு துணிப்பொட்டலத்தைக் கையில் தந்து, போட்டோக்காரர் ஃபிளாஷ் வேலை செய்யவில்லை என்றதால் அதைத் திரும்ப வாங்கி இன்னொருதரம் தந்தார்கள். கீழே என் வகுப்புப் பிள்ளைகள் இருந்தார்கள். அந்தச் சட்டையை நான் போடவேயில்லை, அம்மா தலையணை உறையாகத் தைத்துவிட்டா.

மற்றவர் ஐந்துலாம்புச் சந்தியில் இரும்புக்கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார். அப்பாவைத் தெரியும் அவருக்கு. ஒருநாள் அம்மாவிடம், "பிள்ளைக்குக் கணக்கு நல்லா வருமாமே, சனிக்கிழமை பின்னேரம் வந்து என் பேரேட்டைக் கூட்டித் தரச் சொல்லுங்க, மாசம் 15 ரூபா தாறேன்" என்றார். போனேன். ஓ.எல்., ஏ.எல். முடியும்வரை நாலு வருடம் போனேன். தேத்தண்ணியும் ஒரு கடலை வடையும் வரும். ஒருநாளும் பிழை கண்டுபிடித்ததில்லை, எனக்குப் பெருமை தாங்காது. வகுப்பில் யாரும் கேட்டால், வேலை செய்கிறேன் என்பேன்.

அவர் மௌத்தாகி நான் ஆறுதல் சொல்லப் போனபோதுதான் அவருடைய கணக்கப்பிள்ளை சொன்னார், நான் சனிக்கிழமை கூட்டியது போன வருடத்துப் பழைய பேரேடாம். அந்த வருடத்துப் பேரேட்டைத் திங்கட்கிழமை அவரே கூட்டுவாராம்.

கேள்வி: மொரட்டுவையில் பொறியியல் பீடம் கிடைத்திருக்கிறது. மகாபொல உதவிப்பணம் கிடைக்கும் என்கிறார்கள். ஆனால் முதல் காசு வர மாதக்கணக்காகும் என்று சீனியர்மார் சொல்கிறார்கள். அதுவரை என்ன செய்வது?
(மாணவன், கிராண்ட்பாஸ்)

பதில்: வாழ்த்துகள் மகனே. சீனியர்மார் சொல்வது சரி, பிந்தும். மகாபொல 1981இல் சட்டமாக வந்தது, அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலியின் யோசனை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000இலிருந்து 7,500 ஆக்கினார்கள். மகாபொல கிடைக்காவிட்டால் பர்சரி இருக்கிறது, அதுவும் 4,000இலிருந்து 6,500 ஆகியது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். வருமானச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் உன் கோப்பு ஒரு மூலையில் கிடந்துவிடும், ஆகவே பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பார்.

அதுவரைக்கும், நீ ஏ.எல். முடித்த கையோடு இருக்கிறாய். கிராண்ட்பாஸில் ஓ.எல். கணிதத்துக்கு ஆள் தேடுகிற வீடு பத்தாவது இருக்கும். இரண்டு பிள்ளை போதும், மூன்றாவது எடுக்காதே, முதல் செமஸ்டர் கணிதம் லேசில்லை. படிக்க இடம் வேண்டுமென்றால் விகாரமகாதேவிப் பூங்காவுக்கு எதிரே பொது நூலகம், வெள்ளவத்தையில் தமிழ்ச்சங்க நூலகம். பீடத்தில் மாணவர் ஆலோசகராக விரிவுரையாளர்கள் இருப்பார்கள். மதியச் சாப்பாட்டைத் தவிர்க்கிற நிலை வந்தால் முதல் நாளே அவர்களிடம் போய்ச் சொல், பரீட்சை நெருங்கும்வரை பொத்திவைக்காதே.

என்னிடம் ஒரு சயன்டிபிக் கல்குலேட்டர் சும்மா கிடக்கிறது. ஏ.எல்.லில் உனக்குத் தேவைப்பட்டிருக்காது, இப்போது தேவைப்படும். வருகிற வெள்ளிக்கிழமை சஞ்சிகை அலுவலகத்தில் வைத்துவிடுகிறேன், உன் கடித உறையைக் காட்டி எடுத்துக்கொள். பழையதுதான், 7ஐ மட்டும் கொஞ்சம் அழுத்தி அடிக்கவேண்டும்.